கணவர் என்ற கட்டம்

வாருங்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே, இந்தத் தாளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள். மருத்துவமனை அச்சடித்துக் கொடுத்த விண்ணப்பம் இது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த ஒரு பெண்ணுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தரக்கூடிய உறவினர் யார் யார் என்று கேட்கிறது. தாய் என்ற கட்டத்தில் ‘காலமாகிவிட்டார்’ என்றிருக்கிறது. தந்தை என்ற கட்டத்தில் ‘இதய நோய்’. உடன்பிறந்தோர் ‘இல்லை’. பிற உறவினர் என்ற கட்டத்தில் ‘நாத்தனார், ஏற்கெனவே ஒன்று கொடுத்தவர்’. கணவர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: ‘சேராது.’

கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லை. அநியாயம் என்றால் அரிவாளோடும் கூச்சலோடும்தான் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கட்டத்தை உற்றுப் பார்க்கவேண்டும். இந்த ஒரு சொல் இருபத்திரண்டு மாதம் ஓர் உயிரை இயந்திரத்தோடு கட்டிப்போட்டது. எழுதிய கை பகைவரின் கை அன்று. படித்த கண்ணில் வஞ்சகம் இல்லை. அந்தக் கட்டத்துக்கு உரிய கணவனோ நல்லவன். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் இதற்குச் சாட்சி வேண்டியிருக்கிறது.

அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். ‘லிஃப்டுக்காரர்’ என்றால்தான் தெருவில் தெரியும். மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் தொலைபேசி அவனுக்கு வரும். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவான். போனவுடன் கதவைத் தொடமாட்டான். கதவில் வாயை வைத்து, உள்ளே எத்தனை பேர் என்று கேட்பான். ஒவ்வொருவரையும் பேச வைப்பான். மூச்சு வாங்குகிறதா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுத்தான் உச்சியிலுள்ள இயந்திர அறைக்கு ஏறுவான். கேட்காமல் கைவைக்கக்கூடாது என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

அவன் மனைவி, அரசு அலுவலகம் ஒன்றின் எதிரே உள்ள நகல் கடையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள். எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதத் தெரிந்தும் அரசாங்கத் தாளைக் கண்டால் கை நடுங்குகிறவர்களுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாள். மனுக்காரம்மா என்று பேர். அவள் எழுதிய மனு திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அவளுடைய சூத்திரம் ஒன்றே ஒன்று: எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. பொருந்தாவிட்டால் ‘பொருந்தாது’ என்று எழுது, தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுது. வெற்றிடத்தைப் பார்த்தால் எழுத்தருக்குக் கை துறுதுறுக்கும், திருப்பி அனுப்பிவிடுவார் என்பாள். வீட்டிலும் அவளை மனுக்காரம்மா என்றே அவன் கேலியாகக் கூப்பிடுவான். கோபம் வந்தால் அவள் அவனை ‘லிஃப்டுக்காரரே’ என்பாள். பதினாறு வருடக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

முதலில் கால் வீங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால்தான் என்று தள்ளிவிட்டார்கள். அப்புறம் முகம் வீங்கியது. ரத்த அழுத்தம் எகிறியது. சோதித்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். உடம்பின் ரத்தம் முழுவதும் குழாய் வழியே வெளியேறி, இயந்திரத்தில் சலிக்கப்பட்டுத் திரும்பி வரும். அதற்காக இடக்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அங்கே இரண்டு தடித்த ஊசி ஏறும்.

அந்தக் கையில் காதை வைத்தால் ரத்தம் பாய்கிற இரைச்சல் கேட்கும். இரைச்சல் நின்றால் ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இயந்திரங்களைக் காதால் பரிசோதித்தே பழகியவன் அவன். விடிந்ததும் அவள் முழங்கைக்குக் கீழே காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பான். “மோட்டார் ஓடுது,” என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் பல் தேய்க்கப் போவான். எண்ணெய் போட வேண்டுமா என்று அவள் கேட்பாள்.

ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று தண்ணீர் புட்டியில் கோடு போட்டிருந்தது. கோட்டைத் தாண்டினால் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும். பனிக்கட்டித் துண்டை நாக்கில் வைத்து அவள் ஒரு மணி நேரத்தை ஓட்டுவாள். காய்களை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும்; உப்பு கூடாது. அதையெல்லாம் அவனே செய்தான். வேலை நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு வாரம் மூன்று நாளும் அவள் கட்டிலருகே உட்கார்ந்தான். இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அவளிடம் சொல்வார். ஒரு சொம்பு தண்ணீர் கிடைக்குமென்றால் என் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவேன், மனு எழுதித் தருகிறாயா என்றும் கேட்பார்.

நல்லவன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் செய்யவில்லை. தன் கையை நீட்டி, என் ரத்தத்தைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. சேராது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதே.

ஒரு புதன்கிழமை அது உடைந்தது. உறுப்பு மாற்றுப் பிரிவுக்குப் புதிய ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்திருந்தார். காத்திருப்போர் பட்டியல் அவர் கையில் இருப்பதால் நோயாளிகள் அவருக்குப் பட்டியல் அம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக வந்தார். மனுக்காரம்மா குழாய்களோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனவே கணவனிடம் கேட்டார்.

“உங்க பிளட் குரூப் என்ன சார்?”

ஓ பாசிட்டிவ் என்றான். ஓட்டுநர் உரிமத்திலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினான்.

“ஓ குரூப் எல்லாருக்கும் கொடுக்கலாமே. அப்புறம் எந்த டெஸ்ட்ல சேரலைன்னாங்க?”

“நீங்கதானே சொன்னீங்க.”

பட்டியல் அம்மா கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். அறிக்கை எதுவும் இல்லை. கடைசியில் நிமிர்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “சார், உங்ககிட்ட இதுவரைக்கும் ரத்தமே எடுக்கலை.”

அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். யார் கையெழுத்து என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த நாள் அவனுக்கு நினைவிருந்தது. ஏழு மாடிக் கட்டிடமொன்றில், லிஃப்ட் கூடு வந்து இறங்கும் அடிப்பள்ளத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். அவசர வேலை என்பதால் மனைவியோடு தன் அக்காவை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தான். மதியம் அக்காவின் தொலைபேசி வந்தது. “உனக்குச் சேராதாம்டா. எழுதிக் கொடுத்தாச்சு,” என்றாள். சேராது என்று சொன்னால் யார் சொன்னது என்று கேட்கத் தோன்றும். சேராதாம் என்றதும் எங்கோ ஒரு மருத்துவர், ஓர் ஆய்வகம், ஒரு தீர்ப்பு எல்லாம் கண்முன் வந்து நின்றுவிட்டன. ‘ஆம்’ என்ற அந்தச் சிறு ஒட்டை அவன் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு திருகாணி கழன்றால்கூட எந்த மாடி, எந்தப் பக்கம், எப்போது என்று பத்துக் கேள்வி கேட்பவன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இன்னொன்றும் நினைவிருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தொலைபேசியைப் பையில் போட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியது. பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அன்றைக்கு அவனுக்கு நன்றாகப் பசித்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் உடனே கேட்கவில்லை. டயாலிசிஸ் முடிந்த நாளில் அவள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரிக் கிடப்பாள். பிற்பகலில் எழுந்து, தலையணையைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்த பிறகு, கைப்பேசியில் எடுத்திருந்த அந்தத் தாளின் படத்தைக் காட்டினான். யார் சொல்லி எழுதினாய் என்று கேட்டான்.

அவள் மறைக்கவில்லை. அப்போதிருந்த ஒருங்கிணைப்பாளர் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனார், கணவர் என்ற கட்டத்தில் என் பேனா நின்றது, பக்கத்திலிருந்த அக்கா, அவனுக்கு அதெல்லாம் சேராதும்மா, சின்ன வயதிலேயே ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவான் என்றார், எழுதினேன். அவ்வளவுதான். கத்தரிக்காய் சேராது, குளிர்ந்த தண்ணீர் சேராது என்று வீட்டில் சொல்வோமே, அந்தச் சேராது. மருத்துவமனையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். திரும்பி வந்த ஒருங்கிணைப்பாளர் அதைப் படித்துவிட்டு, ரத்தம் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது, வேறெங்கோ பார்த்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, கோப்பை மூடிவிட்டார்.

“அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டது உனக்குத் தெரியுமா?”

“அப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன் திருத்தலை?”

“காலியா விட்டா மனு திரும்பி வரும்,” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “திரும்பி வந்தா உங்களைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டா நீங்க வந்துடுவீங்க. வருவீங்கன்னு தெரிஞ்சுதாங்க எழுதினேன்.”

அவன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தான். அவள்தான் மேலே பேசினாள். எட்டு மாடி ஆழத்துக்குக் கயிறு தொங்கும் இடத்தில் ஓரமாக நிற்கிற ஆள்; ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு எப்படி நிற்பீர்கள் என்றாள். நான் பட்டியலிலேயே இருக்கிறேன், என்றைக்காவது வரும் என்றாள். நீங்கள் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், போடமாட்டேன் என்று முடித்தாள். எழுத்து விஷயத்தில் அவளை வெல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டுக்குப் போனான். தாய் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். அவள் கணவனுக்குப் பதினொரு வருடத்துக்கு முன்பு சிறுநீரகம் போனபோது, தன்னுடையது ஒன்றைக் கொடுத்தவளும் அவள்தான். அந்த மாமா இன்றைக்கும் ஆரோக்கியமாகக் காலைநடை போகிறார், அப்போதும் போயிருந்தார். அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதும் முதலில் மழுப்பினாள். அப்புறம் எரிச்சலாக, “ஆமா, சொன்னேன். குடும்பத்தை இழுக்கிற ஆம்பளையைக் கத்திக்கு அனுப்பச் சொல்றியா? உன்னை வளர்த்தது அதுக்கா?” என்றாள்.

அவன் குரலை உயர்த்தவில்லை. “உனக்கு மட்டும் சேர்ந்துச்சாக்கா?” என்றான்.

அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

“என்னை யாருடா கேட்டா?” என்றாள். “எங்க மாமியார் வந்து தேதி சொன்னாங்க. துணிமணி எடுத்துக்கிட்டுப் போனேன். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேக்கலை.”

அவனும் அப்போது மருத்துவமனைக்குப் போயிருந்தான். மாமாவுக்காகப் பழம் வாங்கிக்கொண்டு போய், மாமாவின் கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு தரம் கேட்டான். அக்கா அடுத்த அறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். சாப்பிட்டாயா என்று கேட்டவள் அவள்தான். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அக்கா சட்டையை மடித்து முடித்தாள். எனக்கு வலித்தது, அது உனக்கு வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றாள். பிறகு, யாருக்கோ சொல்வது போல, “அவளுக்கு வாரம் மூணு நாள் வலிக்குதேன்னு எனக்குத் தோணவே இல்லைடா. பொம்பளைக்கு வலிக்கும்கிறது எனக்கே மறந்து போச்சு,” என்றாள். இதை மேடையில் நின்று யாராவது சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அந்தக் கூடத்தில் துணிக்குவியலுக்கு நடுவே அதைக் கேட்டவன் ஒருவன்தான். அவன் ஒரு போர்வையை எடுத்து, அவளோடு இரு முனை பிடித்து மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

மறுநாளே ஆய்வகத்துக்குப் போனான். அக்கா சொன்னது பொய்யில்லை. ஊசி தோலைத் தொட்டதும் வியர்த்து, கண் இருண்டு, நாற்காலியோடு சரிந்தான். கண் விழித்தபோது ரத்தம் எடுப்பவர் அவன் முகத்தில் விசிறிக்கொண்டு, பதிவுச்சீட்டில் தொழிலைப் படித்துவிட்டு, “என்ன சார், லிஃப்டு சட்டுனு கீழ இறங்கிடுச்சா?” என்று கேட்டார். அடுத்த முறை படுத்துக்கொண்டு கொடுத்தான். அப்போதும் ஒரு தடவை மயக்கம் வந்தது. ஆனாலும் நிரப்பவேண்டிய குப்பிகள் நிரம்பின. மூன்று வாரம் இதயம், சர்க்கரை, வயிற்று ஸ்கேன், சிறுநீரகங்களின் வேலைத்திறன் என்று அவனை அக்கக்காகக் கழற்றி மாட்டினார்கள்.

கடைசியில் ஒரு மருத்துவர், மனைவியோ உறவினரோ இல்லாமல், அவனைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார்.

“வேண்டாம்னுதான் டாக்டர் எல்லாரும் வற்புறுத்தறாங்க.”

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி ஏறி இறங்கலாம். மிச்சமிருக்கும் ஒன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். வருடாவருடம் பரிசோதனைக்கு வரவேண்டும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைவு, ஆனால் உண்டு. அறுவை அறைக்குள் போகிற நிமிடம்வரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். காரணத்தை வீட்டாருக்குச் சொல்லாமல் நாங்களே நிறுத்திவிடுவோம். இப்படி ஒரு கதவு இருப்பதை அக்காவுக்கு யாராவது காட்டியிருப்பார்களா என்று அவன் யோசித்தான். காட்டியிருந்தாலும், மாமியார் சொன்ன தேதி அந்தக் கதவுக்கு வெளியே காவல் நின்றிருக்கும்.

எல்லாம் பொருந்திவிட்டது என்று பட்டியல் அம்மா சொன்னார். இனி நோயாளியின் கையெழுத்துதான் பாக்கி.

அதைத் தரமாட்டேன் என்றவளோ வீட்டில் இருந்தாள். அவன் அவளோடு வாதாடவில்லை. ஒரு காலையில் வழக்கம்போல அவள் கையில் காதை வைக்கக் குனிந்தபோது, சட்டைக் கை மேலேறியது. அவன் முழங்கை மடிப்பில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருந்ததை அவள் பார்த்தாள். விரலால் தொட்டாள். அறுநூறு ஊசி ஏறிய கை, நாலு ஊசி ஏறிய கையைத் தடவிக்கொடுத்தது.

“மயக்கம் வந்துச்சா?”

“ரெண்டு தடவை.”

“அப்புறமும் எதுக்குப் போனீங்க?”

அவனுக்குத் தன் தொழில்தான் கைகொடுத்தது. லிஃப்ட் மாட்டிக்கொண்டால் முதலில் உள்ளே எத்தனை பேர் என்றுதானே கேட்போம் என்று ஆரம்பித்தான். “இவ்வளவு நாளா உள்ள ஒருத்தர்தான், நீ மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு வெளியில நின்னு ஆறுதல் சொல்லிக்கிட்டிருந்தேன். எண்ணிப் பார்க்கலை. உள்ள ரெண்டு பேரு இருக்கோம்மா. நீ பெரிய மனசு பண்ணி என்னைக் காப்பாத்தினேன்னு நினைக்கிறே. நீ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்னு அந்தக் கட்டத்துல எழுதினியா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளைக் கொண்டு வாருங்கள் என்றாள். வேறு யாரும் நிரப்பினால் கட்டத்தை விட்டுவிடுவார்கள், என் கையால்தான் எழுதுவேன் என்றாள்.

சாப்பாட்டு மேசைக்கு அந்தப்பக்கம் அவனை மனுதாரராக உட்கார வைத்தாள். முன்பின் தெரியாதவரைக் கேட்பது போலவே பேரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள், உறவுமுறையைக் கேட்டாள். கணவன் என்றான். சொந்த விருப்பத்தின் பேரில்தானா என்ற இடம் வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் தலையசைத்தான். தலையசைத்தால் எழுதமாட்டேன், வாயால் சொல்லவேண்டும், எல்லாருக்கும் அதுதான் விதி என்றாள்.

“என் சொந்த விருப்பத்தின் பேரில்,” என்று அவன் சொன்னான்.

அவள் எழுதினாள். தன் பக்கம் வந்தபோது மட்டும் தயங்கினாள். “இத்தனை வருஷமா தாங்க தாங்கன்னு எத்தனையோ பேருக்காகக் கேட்டு எழுதியிருக்கேன். எனக்கு வேணும், நான் வாங்கிக்கிறேன்னு எழுதுறது இதுதான் முதல் தடவை,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

அறுவை நடந்த நாளில் அடுத்தடுத்த இரண்டு அறைகளில் இருவரும் கிடந்தார்கள். அவன் கண் விழித்தபோது இடுப்புக்கு மேலே யாரோ கடப்பாரையை மறந்து வைத்துவிட்டுப் போனது போலிருந்தது. வாய் உலர்ந்து பேச்சு வரவில்லை. என்ன கேட்கப் போகிறான் என்று தெரிந்தவராகப் பட்டியல் அம்மா கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு பையில் மஞ்சளாகத் திரவம். உங்கள் சிறுநீரகம் மேசையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது என்றார். பதினாறு வருடத்தில் பெண்டாட்டியிடமிருந்து வந்த நல்ல பரிசு இதுதான் என்று சொல்ல நினைத்தான். சிரிப்பு முந்திக்கொண்டது, தையல் இழுத்தது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

நான்காம் நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அறை வாசல்வரை நடந்துபோனான். உள்ளே விடமாட்டார்கள், கிருமி பயம். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றைச் சுற்றியிருந்த வீக்கம் வடிந்து, கல்யாணப் புகைப்படத்தில் இருந்த கண்கள் மாதிரி இருந்தன. வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். நீ தண்ணீர் குடித்தாயா என்று அவன் கேட்டான்.

“மூணு லிட்டர் குடிக்கணுமாம். குடிக்க மாட்டேங்கிறேன்னு நர்ஸ் திட்டறாங்க.”

இது கட்டுக்கதையின் முடிவு போல எல்லாத் துன்பமும் தீர்ந்த இடம் அன்று. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க அவள் மாத்திரை விழுங்கவேண்டும். ஒரு வேளை தப்பினாலும் உடம்பு அந்த விருந்தாளியை விரட்டப் பார்க்கும். இரண்டாம் மாதம் ஒரு காய்ச்சல் வந்து, பத்து நாள் மருத்துவமனையில் கிடந்து, இருவரும் பயந்து எழுந்தார்கள். ஆனால் திங்களும் புதனும் வெள்ளியும் அவள் கைக்குத் திரும்பி வந்தன. மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் மாதம், கொடுத்தவர்களுக்கான பரிசோதனைக்கு அவன் போனபோது அக்காவையும் கையோடு அழைத்துப்போனான். வருடாவருடம் வரவேண்டும் என்று மருத்துவர் அவனுக்குச் சொன்னதைக் கேட்டதும், நீ எத்தனை முறை போயிருக்கிறாய் என்று அவளைக் கேட்டிருந்தான். பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. கணவனை மாதம் தவறாமல் அந்தக் கட்டிடத்துக்குக் கூட்டி வந்திருக்கிறாள். அவர் உள்ளே போக, இவள் அவர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நீண்ட நாற்காலியில் அன்றைக்கு ஏழு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவர்கள். ஆறு பேர் பெண்கள்: மகனுக்குக் கொடுத்த தாய், அண்ணனுக்குக் கொடுத்த தங்கை, கணவனுக்குக் கொடுத்த மனைவியர். ஆண் அவன் ஒருவன்தான். பெண்கள் அவனை அதிசயமாகப் பார்த்தார்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாய் விசாரித்தார். மனைவிக்கு என்றதும், மகராசனா இரு என்று கையைத் தூக்கினார். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த ஆறு பேரில் யாரையும் யாரும் அப்படி வாழ்த்தியிருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பதிவு செய்பவர் நிமிர்ந்து பார்க்காமலே, நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் வெளியே இருங்கள் என்றார். அக்கா பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். அவன் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்து, “இவங்க துணைக்கு வரலைங்க. இவங்களும் கொடுத்தவங்க. இவங்க பேரையும் எழுதுங்க,” என்றான்.

ரத்த அழுத்தம் அளவுக்கு மேல் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டிருந்தால் மிச்சமிருக்கும் ஒன்றும் போயிருக்கும் என்று மருத்துவர் கடிந்துகொண்டு மாத்திரை எழுதினார். அக்கா சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலே இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பயந்த மாதிரியும் இருந்தது, பெருமைப்பட்ட மாதிரியும் இருந்தது. “என் பேருதான்டா போட்டிருக்கு,” என்றாள்.

படித்தவர்களே, சாட்சி சொல்லக் கூப்பிட்டவர்களை வெறுங்கையோடு அனுப்புவதற்கில்லை. உங்கள் வீட்டில் ஒரு பெண் நோயில் கிடந்தால், உங்களுக்காக வேறொருவர் பேச விடாதீர்கள். நீங்களே போய்க் கையை நீட்டுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் அதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் பிடுங்க முடியாது. அதே உரிமையை, கொடுக்கப் போகிற பெண்ணுக்கும் விட்டுவையுங்கள்: தேதி குறிக்கும் முன் அவளைத் தனியாக உட்கார வைத்து, உனக்குச் சம்மதமா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, யாருடைய கோப்பையோ மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் தாயோ தமக்கையோ மனைவியோ உங்களுக்கு இருந்தால், அவளை எழுப்பி உள்ளே அழைத்துப் போங்கள். அடுத்த மாதம் வேண்டாம். இந்த வாரமே போங்கள்.